கடைமடைக்கு எந்த விளையாட்டு வந்தது?

2020 பொங்கலுக்கு மறுநாள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். நெல் விலையும் இல்லை, அப்போதுதான் முடிந்திருந்த உள்ளாட்சித் தேர்தலும் இல்லை. 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில் அதிகச் செல்வாக்குச் செலுத்திய வீடியோ கேம் எது என்பதுதான் விவகாரம்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பன் 'டார்க் சோல்ஸ்' என்றான். மன்னார்குடியில் செல்போன் கடை வைத்திருப்பவன் 'பப்ஜி' என்று சொல்லிவிட்டு, இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோலக் காலாட்டிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அக்கா மகன், "ஃப்ரீ ஃபயர்தான் மாமா, இதுல என்ன டவுட்டு?" என்றான். நான் 'மைன்கிராஃப்ட்' கட்சி. யாரும் யாரையும் அசைக்க முடியவில்லை. கடைசியில் செல்போன் கடைக்காரனுக்கு அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று நாளாகச் சொல்லிவைத்திருந்த அறுவடை மிஷின் வயலுக்கு வந்துவிட்டதாம். அவன் வண்டியை எடுக்க, கூட்டம் கலைந்தது.

அந்தச் சாலையில்தான் பூவனூர் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். சிவன் சித்தர் வேடத்தில் வந்து ஒரு இளவரசியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கல்யாணம் முடித்தார் என்கிறது தலபுராணம். ஆட்டத்தைச் சாமிவரை கொண்டுபோன ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஆட்டம் பெரிது என்று அடித்துக்கொண்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பிறகு யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. நாங்கள் ஒரே கேள்விக்கு நான்கு பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம்.

செல்வாக்கு என்ற சொல்லில்தான் முதல் குழப்பம். ஒரு விளையாட்டு அதன் பிறகு வந்த விளையாட்டுகளை மாற்றினால் அது ஒரு வகைச் செல்வாக்கு. விளையாட்டு விற்கும் முறையை மாற்றினால் அது வேறு. விளையாடவே விளையாடாத ஆட்களின் பேச்சையும் வீட்டையும் தூக்கத்தையும் மாற்றினால் அது மூன்றாவது. சென்னை நண்பன் முதலாவதைப் பேசினான், கடைக்காரன் மூன்றாவதை. நடுவில் உள்ளதை எங்களில் ஒருவரும் தொடவில்லை. அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும் என்பது இப்போது என் எண்ணம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பத்தாண்டு என்ற சொல்லிலும் வில்லங்கம் உண்டு. ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கான பேரை வயல் உழ வைத்த 'ஃபார்ம்வில்' 2009 ஜூனில் வந்தது. 'லீக் ஆஃப் லெஜன்ட்ஸ்' 2009 அக்டோபர். 'ஆங்க்ரி பேர்ட்ஸ்' 2009 டிசம்பர். மைன்கிராஃப்ட்டின் அரைகுறைப் பதிப்பும் 2009 மே மாதமே வெளியே வந்துவிட்டது. முழுப் பதிப்பு 2011 நவம்பர் 18. இவையெல்லாம் அதிகமாக ஆடப்பட்டது 2010க்குப் பிறகுதான். பிறந்த தேதியைப் பார்த்தால் முந்தைய பத்தாண்டு, வாழ்ந்த காலத்தைப் பார்த்தால் நாங்கள் சண்டை போட்ட பத்தாண்டு. பட்டியல் போடுகிறவர்கள் இதை வசதிக்குத் தகுந்தபடி இழுத்துக்கொள்வார்கள்.

ஆனால் டெல்டாவில் இருந்து பார்க்கும்போது இந்தத் தேதிச் சிக்கல் சில மாதங்களோடு நிற்பதில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் கையிலும் கல்லூரிப் பிள்ளைகள் கையிலும் லேப்டாப் வந்தது. எங்கள் தெருவில் முதல் லேப்டாப் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். அதில் படித்தார்களா என்றால் படித்தார்கள். பாட்டுக் கேட்டார்கள், படம் பார்த்தார்கள், கேமும் ஆடினார்கள். எந்த கேம்? 'வைஸ் சிட்டி', 2002இல் வெளிவந்தது. 'ஐ.ஜி.ஐ.', 2000. 'கவுண்டர் ஸ்டிரைக் 1.6', 2003. கார் ரேஸ் என்றால் 2005இல் வந்த 'மோஸ்ட் வான்டட்'. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் இன்னும் மோசம். அங்கே 1988இல் பிறந்த 'டேஞ்சரஸ் டேவ்' ஓடிக்கொண்டிருந்தான்.

ஏன் இப்படி? ரேம் குறைவு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எல்லாவற்றையும் விட, கேம் ஊருக்குள் வந்த வழி பென் டிரைவ். தஞ்சாவூர் ஹாஸ்டலில் ஒருவனிடம் இருந்தால் சனிக்கிழமை பஸ்ஸில் அது மன்னார்குடிக்கு வரும், திங்கட்கிழமைக்குள் நாலு தெருவுக்குப் போய்விடும். அந்தச் சின்னக் குச்சிக்குள் அடங்குவது மட்டும்தான் பயணம் செய்யும். வைஸ் சிட்டியைச் சுருக்கி, பாட்டையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு ஒரு 'ரிப்' போட்டிருப்பார்கள். ரேடியோ ஊமையாக இருக்கும், யாரும் கவலைப்பட்டதில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகள், அதாவது ஆட்டத்தில் குறுக்கு வழி திறக்கும் ரகசியச் சொற்கள். 'பேன்ஜர்' என்று அடித்தால் வானத்திலிருந்து டாங்கி விழும், 'ஆஸ்பிரின்' என்று அடித்தால் உயிர் நிரம்பும். இங்கிலீஷ் பாடத்தில் எழுத்துப்பிழைக்கு அடி வாங்கியவனெல்லாம் இந்தச் சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு தப்பில்லாமல் அடிப்பான்.

அதே நேரத்தில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? 2013 செப்டம்பர் 17 அன்று வைஸ் சிட்டியின் தம்பியான 'ஜி.டி.ஏ. 5' வெளிவந்து, மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்றது. கம்ப்யூட்டருக்கு அது வர 2015 ஆனது. வந்தபோது 65 ஜிபி இடம் கேட்டது. அன்றைக்கு ஒரு ஜிபி மொபைல் டேட்டா சுமார் 250 ரூபாய். கணக்குப் போட்டால் டவுன்லோடு செலவில் ஒரு மாட்டை வாங்கிவிடலாம்.

காவிரியோடு புழங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு மூன்று நாளில் வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். தலைமடைக்காரன் நாற்று விட்டு முடித்திருப்பான், கடைமடைக்காரன் வாய்க்காலில் காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரே ஆறு, ஒரே வருடம், ஆனால் பருவம் வேறு. 2012இல் எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது உலகத்தின் 2002.

ஆகவே 'பத்தாண்டின் சிறந்த கேம்' என்று லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து பட்டியல் போடுகிறவர் சொல்வது தலைமடைக் கணக்கு. அது பொய்யில்லை. நம் வயலுக்கு எப்போது, எந்த உருவத்தில் வந்தது என்பதை அந்தக் கணக்கில் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

தலைமடையில் நடந்ததையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

டார்க் சோல்ஸ் 2011 செப்டம்பரில் ஜப்பானில் வந்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், இயக்கியவர் ஹிடேடகா மியாசாகி. அதற்கு முந்தைய பெரிய கேம்கள் பலவும் ஆடுகிறவரைக் கைபிடித்து நடத்திப் போகும். இங்கே போ, இதை அழுத்து, சபாஷ் என்று சொல்லிக்கொண்டே வரும். டார்க் சோல்ஸ் ஒன்றும் சொல்லாது. சாவாய், சேர்த்ததெல்லாம் செத்த இடத்தில் கிடக்கும், மறுபடி அங்கே போய் எடுக்க வேண்டும். போகும் வழியில் இன்னொரு தரம் செத்தால் அதுவும் போச்சு. இந்த ஈவிரக்கமில்லாத முறை ஒரு வகைமைக்கே பெயராகிவிட்டது; 'சோல்ஸ் மாதிரி' என்று சொன்னாலே என்னவென்று புரியும் அளவுக்கு. கேம் செய்கிறவர்கள் மேல் அதன் செல்வாக்கை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் அதை ஆடியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் சென்னை நண்பனும் ஒருவன். அவனும் ஊரில் ஆடவில்லை, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு வேளச்சேரி அறையில் ஆடினான்.

மைன்கிராஃப்ட் வேறு மாதிரி. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் தனியாளாகத் தொடங்கியது. கட்டைகளால் ஆன உலகம். வெட்டலாம், அடுக்கலாம், கட்டலாம், ராத்திரி பேய் வருவதற்குள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். முடிக்க வேண்டிய கதை எதுவும் பெரிதாக இல்லை. அது செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, செய்து முடிக்காத விளையாட்டையே காசுக்கு விற்றது. வாங்கியவர்கள் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல, அவர் திருத்திக்கொண்டே போனார். இன்றைக்கு அது சாதாரண வியாபார முறை. 2014இல் மைக்ரோசாஃப்ட், மைன்கிராஃப்ட்டைச் செய்த மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. இன்னொன்று, அடுத்தவன் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு என்று யூடியூபில் குழந்தைகளைப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கேமை வாங்க வழியில்லாத பிள்ளைகள்கூட அதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். இதனால்தான் நான் அந்தக் கட்சி.

நடுவில் விட்டுவிட்டு வந்த இரண்டாவது வகைக்கு வருகிறேன். 2012இல் இரண்டு கேம்கள் வந்தன. ஃபேஸ்புக்கிலும் பிறகு போனிலும் 'கேண்டி கிரஷ்'. பின்லாந்தின் சூப்பர்செல் செய்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்'. இரண்டும் இலவசம். இலவசக் கேமில் காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இவை கண்டுபிடித்த பதில் எளிமையானது, கொஞ்சம் பயங்கரமானதும்கூட: அவை நேரத்தை விற்றன.

கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும், திரும்ப வர அரை மணி நேரம். காத்திரு, இல்லையென்றால் நண்பர்களிடம் கேள், இல்லையென்றால் காசு கொடு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு கட்டடத்தை உயர்த்த ஆரம்பத்தில் சில நிமிடம், பிறகு சில மணி நேரம், கடைசியில் நாள்கணக்கு. காசுக்கு வாங்கும் ஜெம் கொடுத்தால் உடனே முடியும். இதற்கெல்லாம் முன்னோடி ஃபார்ம்வில். அதில் ஸ்ட்ராபெர்ரி நான்கு மணி நேரத்தில் விளைந்துவிடும், நேரத்துக்கு வந்து பறிக்காவிட்டால் வாடிவிடும். என் பெரியப்பாவிடம் ஒருமுறை அதைக் காட்டினேன். சம்பா விளைய மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர் அவர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு யாருகிட்ட கேக்கணும்?" என்றார். யாரிடமும் கேட்க வேண்டாம் என்றேன். "அப்ப இது வெவசாயம் இல்ல" என்று எழுந்து போய்விட்டார்.

காத்திருக்க வைத்து, காத்திருப்பைத் தவிர்க்கக் காசு வாங்கும் இந்த முறை போன் கேம்கள் பலவற்றுக்கும் அடிப்படைச் சட்டம்போல ஆகிவிட்டது. கேண்டி கிரஷ் செய்த கிங் நிறுவனத்தை வாங்க 590 கோடி டாலர் கொடுத்தார்கள் என்றால் அது மிட்டாய்க்குக் கொடுத்த விலை இல்லை. இந்த முறையின் இன்னொரு கிளை, சீசன் பாஸ்; ஒரு பருவத்துக்குக் காசு கட்டி எடுக்கும் பாஸ். 2013இல் 'டோட்டா 2' என்ற கம்ப்யூட்டர் கேமின் போட்டிக்காக ஒரு டிஜிட்டல் கையேடு விற்றார்கள், விற்ற பணத்தில் நாலில் ஒரு பங்கு பரிசுத் தொகைக்குப் போனது. அதிலிருந்து வளர்ந்து 2017 இறுதியில் 'ஃபோர்ட்நைட்'டில் பேட்டில் பாஸ் ஆனது. இங்கே பப்ஜியில் ராயல் பாஸ், ஃப்ரீ ஃபயரில் எலைட் பாஸ் என்று வந்து இறங்கியது. காசு கட்டினால் மட்டும் பொருள் கிடைக்காது. கட்டிவிட்டு தினமும் ஆடினால்தான் கிடைக்கும். சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு இந்த மனக்கணக்கு புரியும். போட்டது வீணாகக் கூடாது என்றே கடைசிவரை போவோம். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் அம்மாவின் கணக்கிலிருந்து ஒரு கேமுக்கு டாப்-அப் போட்டுப் போட்டு, உரம் வாங்க வைத்திருந்த பணம் காலியான பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. எந்த கேம் என்பது இங்கே முக்கியமில்லை, இந்த அமைப்பு எதில் இருந்தாலும் இதுதான் நடக்கும். 'அதிகச் செல்வாக்கு' என்பதை ஆளை வைத்து இல்லாமல் முறையை வைத்து அளந்தால், இந்தச் சண்டையில் கிளாஷ் ஆஃப் கிளான்ஸை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் மதகுக் கட்டையில் யாரும் அதன் பெயரை எடுக்கவே இல்லை. அதிகமாக ஊடுருவியது கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

சரி, கடைமடைக்கு வருவோம்.

2012, 2013 வாக்கில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் வந்தபோது 'டெம்பிள் ரன்', 'சப்வே சர்ஃபர்ஸ்' இரண்டும் முதலில் புகுந்தன. நெட்டே தேவையில்லை, புளூடூத்திலோ ஷேர்இட்டிலோ கைமாறும். பென் டிரைவ் காலத்தின் நீட்சி என்று சொல்லலாம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, அடுத்த மார்ச் வரை இலவசம். 2017 ஜனவரியில் 9,999 ரூபாயில் தொடங்கி ரெட்மி நோட் 4 வந்தது. பத்தாயிரத்துக்கு ஒரு போன், சும்மா கிடைக்கிற டேட்டா. இந்த இரண்டும் வந்த பிறகு மூன்றாவதாக என்ன வந்தாலும் அது ஊரை அடித்துக்கொண்டு போயிருக்கும். வந்தது பப்ஜி.

பப்ஜியின் வரலாறும் தலைமடையில் தொடங்கியதுதான். அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் பிரேசிலில் இருந்த காலத்தில், 'ஆர்மா' என்ற ராணுவ விளையாட்டை ரசிகர்கள் திருத்தி வைத்திருந்த பதிப்பை மேலும் திருத்தி இந்த முறையை அமைத்தார். அவருடைய ஆன்லைன் பெயர் பிளேயர்அன்நோன். கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொள்ள, 2017 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு முன்னோட்டப் பதிப்பு வந்தது. 2018 தொடக்கத்தில் 30 லட்சத்துக்கும் மேல் பேர் ஒரே நேரத்தில் ஸ்டீம் என்ற கேம் தளத்தில் அதை ஆடினார்கள். 2018 மார்ச்சில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் கூட்டில் மொபைல் பதிப்பு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, கவசம், மருந்து பொறுக்க வேண்டும். கடைசியில் உயிரோடிருப்பவன் அல்லது அவன் அணி ஜெயிக்கிறது. இதில் சூட்சுமம் துப்பாக்கியில் இல்லை, வட்டத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய தீவில் நூறு பேரை விட்டால் புத்திசாலிகள் எல்லோரும் ஆளுக்கொரு புதரில் படுத்துக்கொள்வார்கள், ஆட்டம் விடியும்வரை நடக்கும். அதனால் பாதுகாப்பான இடம் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. வெளியே நின்றால் உயிர் கரையும். ஒளிந்திருப்பவனையும் ஓட வைக்கிற அந்த ஒரு விதிதான் இந்த வகை ஆட்டத்தைத் தாங்கும் தூண். ஏரி வற்ற வற்ற நடுக்குட்டையில் மீனெல்லாம் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

மொபைல் பதிப்பில் இன்னொரு தந்திரம் இருந்தது. புதிதாக வருகிறவனோடு ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மைகள். முதல் நாளே பத்துப் பேரைச் சுட்டு 'சிக்கன் டின்னர்' அடித்துவிடுவான், அதாவது ஆட்டத்தையே ஜெயித்துவிடுவான். தனக்குள் ஒரு வீரன் இருப்பதாக நினைத்துக்கொண்டு விடியும்வரை ஆடுவான். நானும் நினைத்தேன்.

ஆனால் எங்கள் பக்கம் அது பரவியதற்கு நான் கொடுக்கும் காரணம் வேறு. நான்கு பேர் அணியாகப் போகலாம், மைக்கில் பேசலாம். டெல்டாவில் வீட்டுக்கொருவர் வெளியூரில் இருப்பார். திருப்பூர், சென்னை, துபாய், சிங்கப்பூர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனும் ஊரில் இருக்கும் தம்பியும் தினமும் போன் போட்டால் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் பேச்சு ஓடாது. அதே இருவர் பப்ஜியின் எராங்கல் தீவில் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும்போது, தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதுவரை பேசிவிடுவார்கள். பப்ஜி எங்களுக்குப் பாதி விளையாட்டு, பாதி திண்ணை. எந்தப் பட்டியலிலும் இதை எழுத மாட்டார்கள்.

விளையாடாதவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2019 ஜனவரியில் பிரதமர் மாணவர்களோடும் பெற்றோரோடும் பேசிய நிகழ்ச்சியில் ஒரு தாய், பையன் ஆன்லைன் கேமே கதியென்று கிடக்கிறான் என்றபோது, "பப்ஜிக்காரனா?" என்று பிரதமரே கேட்டார். அந்த மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் தடை போட்டு, ஆடியவர்களைப் பிடித்தார்கள். அந்த மே மாதம் உலக சுகாதார நிறுவனம் கேம் பழக்கக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்க்க ஒப்புதல் கொடுத்தது. எங்கள் தெருவில் எந்த கேம் ஆடினாலும், அது ரம்மியாக இருந்தாலும், அம்மாக்களுக்கு எல்லாம் 'அந்தப் பப்ஜி'தான். ஒரு பெயர் பொதுப்பெயராகிவிட்டால் அதற்கு மேல் என்ன செல்வாக்கு வேண்டும் என்பான் கடைக்காரன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்சாரம் வாரக்கணக்கில் இல்லாமல் கிடந்தபோது, அவன் ஜெனரேட்டர் வைத்துப் போன்களுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தான். தாங்கள் பத்திரம் என்று வெளியூருக்குச் சொல்லி முடித்த பையன்கள் அடுத்துக் கேட்டது 4ஜி எப்போது வரும் என்றுதானாம். அவன் அந்தக் கதையை ஆதாரம்போலச் சொல்வான்.

இங்கேதான் அந்தத் தேதி விஷயம் திரும்ப வருகிறது. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்கவே இல்லை. தண்ணீர் நேரத்துக்கு வராத அதே பத்தாண்டில், எங்களுக்குத் தெரிந்து முதல் முறையாக ஒரு கேம் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே நாளில் வந்தது. சிங்கப்பூரில் புதிய சீசன் தொடங்கும் வாரத்தில் வேதாரண்யத்திலும் தொடங்கியது. பத்து வருடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்த எங்கள் கடிகாரம் சட்டென்று சரியானது. பப்ஜி நல்ல கேமா கெட்ட கேமா என்பது தனிப் பேச்சு. அந்தக் கடிகாரத்தைச் சரி செய்தது அது.

இப்படி எழுதிக்கொண்டு வரும்போதே அக்கா மகனின் குரல் கேட்கிறது. கடைமடைதான் அளவுகோல் என்றால், பப்ஜி கடைசி வயல்வரை போனதா? போகவில்லை. அதற்குப் பத்தாயிரம் ரூபாய் போன் வேண்டும், ஒன்றரை ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், ஒரு ஆட்டத்துக்கு அரை மணி நேரம் வேண்டும். அவனிடம் இருந்தது அம்மாவின் போன். அதுவும் இரவு சீரியல் நேரத்தில் மட்டும். அந்தப் போனில் ஓடியது ஃப்ரீ ஃபயர். சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017 இறுதியில் கொண்டுவந்தது. செய்தவர்கள் வியட்நாம்காரர்கள். ஐம்பது பேர், சின்னத் தீவு, பத்து நிமிடத்தில் ஒரு ஆட்டம். பழைய போனிலும் திக்கித் திணறாமல் ஓடும். கிராபிக்ஸ் பொம்மைபோல இருக்கிறது என்று பப்ஜி ஆட்கள் கிண்டல் செய்வார்கள். அது கிண்டல் மட்டும் இல்லை, போன் விலையை வைத்துப் போட்ட ஒரு சாதிக்கோடும்கூட. எங்கள் ஊரில் ஆற்றங்கரைத் தெருவுக்கும் வயல் நடுவே இருக்கும் குடியிருப்புக்கும் நடுவில் அந்தக் கோடு துல்லியமாக விழுந்தது. பப்ஜி இல்லாமல் ஃப்ரீ ஃபயர் வந்திருக்காது என்று கடைக்காரன் சொல்வதும் நிஜம்தான். ஆனால் மதகுவரை வந்த தண்ணீரை வயலுக்குள் பாய்ச்சியது எது?

பப்ஜியை 2020 செப்டம்பர் 2இல் இந்தியா தடை செய்தது. பெயர் மாற்றி 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. ஆக வந்தது, அடுத்த ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. தடையால் ஆட்டம் நின்றதா என்று கேட்டால் கடைக்காரன் சிரிப்பான்.

செல்வாக்கு வாய்க்கால் வழியாக மட்டும் வருவதில்லை, ஊற்றாகவும் வரும் என்பதற்கு ஒரு உதாரணம். 2017 மார்ச்சில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' வந்தது. கண்ணில் படும் மலை எதுவாக இருந்தாலும் ஏறலாம், உச்சியிலிருந்து பாராசூட் மாதிரி மிதந்து இறங்கலாம். தலைமடைப் பட்டியல்களில் அடிக்கடி முதலிடம் பிடிப்பது. அதை ஆட வேண்டிய கருவியை எங்கள் பக்கம் நான் ஒருவரிடமும் பார்த்ததில்லை. ஆனால் 2020 செப்டம்பரில் சீன நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' அதே மலையேற்றத்தையும் மிதப்பையும் போனுக்குள் இலவசமாகக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதை ஆடும் தெருப் பையனுக்கு நிண்டெண்டோ பெயர்கூடத் தெரியாது, ஆனால் அவன் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். சென்னை நண்பன் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஜெயித்திருப்பான்.

நான் கட்சி மாறிவிட்டேன். கேம் செய்கிறவர்களுக்கு டார்க் சோல்ஸும் மைன்கிராஃப்ட்டும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். இவற்றில் எனக்கு இப்போது வாக்குவாதம் இல்லை. ஆனால் டெல்டாவில் அந்தப் பத்தாண்டுக்கு ஒரே பெயர் எழுதச் சொன்னால் ஃப்ரீ ஃபயர் என்றுதான் எழுதுவேன். ஆடிப் பார்த்து எனக்குப் பிடிக்காத கேம் அது.

இதை அக்கா மகனிடம் ஒப்புக்கொள்ளலாம் என்று போனேன். அவன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். "ஃப்ரீ ஃபயரா? அதெல்லாம் அப்ப மாமா" என்றான். அவனுடைய ஓட்டு இப்போது மைன்கிராஃப்ட்டுக்கு. 2021 ஊரடங்கில் ஆரம்பித்தானாம், நண்பர்களோடு சேர்ந்து பெரிய கோயில் விமானத்தைக் கட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாதிதான் முடிந்திருக்கிறது. அது 2011இல் வந்த கேம் ஆயிற்றே, போன பத்தாண்டுக் கணக்கில்தானே வரும் என்றேன். "உங்களுக்கு அப்ப வந்துச்சு, எனக்கு இப்பதானே வந்துச்சு" என்றான்.